வகுப்புக்குப் போகாமல் ஜெர்மன் பி1 தாண்ட முடியுமா?

நைட்டியூட்டி_நர்ஸ்:
வணக்கம். கோவையில் ஒரு மருத்துவமனையில் ஐசியு நர்ஸாக இருக்கிறேன், வயது 34. ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருப்பதால் எந்த வகுப்பிலும் தொடர்ந்து உட்கார முடிவதில்லை. ஏ2 வரை பாடப்புத்தகமும் யூடியூபும் வைத்து நானாகவே வந்துவிட்டேன். அடுத்து கோதே நிறுவனம் நடத்தும் பி1, அதாவது ஏ2-க்கு அடுத்த நிலைத் தேர்வு. பாடத்தை வாசிக்கும்போது எல்லாம் புரிகிறது, புத்தகத்தை மூடினால் பாதி வார்த்தை வருவதில்லை. நோட்டில் எழுதி, கலர் பேனாவால் கோடு போட்டுத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தனியாகப் படிப்பவள் எதை மாற்ற வேண்டும்?

ஒரகடம்_மெக்கானிக்கல்:
அக்கா, வயதில் ஒன்றும் இல்லை, முறையில்தான் இருக்கிறது. நோட்டைத் திரும்பப் பார்க்கும்போது வருவது 'இதை முன்பே பார்த்திருக்கிறேன்' என்ற உணர்வு மட்டும்தான். மூடிவைத்துச் சொல்லிப் பார்ப்பது வேறு வேலை.

கார்பிக், ரோடிகர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2008-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலி சொற்களை ஆங்கிலப் பொருளோடு கொடுத்தார்கள். ஒரு சொல்லை ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்டால், சிலருக்கு அதை மறுபடி படிக்க மட்டும் காட்டினார்கள், சோதிக்கவில்லை. வேறு சிலரை அதே சொல்லில் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், சோதிக்கப்பட்டவர்களுக்கு ஏறக்குறைய 80 சதவீதம் நினைவிருந்தது. மறுபடி படித்தவர்கள் 40 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது இன்னொன்று: முன்கூட்டிக் கேட்டபோது எல்லாக் குழுவும் 'பாதி நினைவிருக்கும்' என்றுதான் கணித்தது. அதாவது, எந்த முறை வேலை செய்கிறது என்பது படிக்கிறவருக்கே தெரிவதில்லை. மேலே நிற்க ஆசிரியரும் இல்லாதபோது இது பெரிய ஆபத்து.

ஆங்கி என்ற அட்டைச் செயலியைப் போடுங்கள், இல்லையென்றால் ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளும் எழுதிய காகித அட்டை போதும். செபாஸ்டியன் லைட்னர் 1972-லேயே சொன்ன பெட்டி முறைதான்: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தாமதமாகத் திரும்பி வரும். தவறினால் முதல் அறைக்கே வரும். கலர் பேனாவை இன்றே ஓரம் கட்டுங்கள்.

புதுச்சேரி_வாசகி:
தம்பி சொன்ன ஆய்வு சரியாகவே இருக்கட்டும். ஆனால் அது 40 சொல் ஜோடிகளைப் பற்றியது. மொழி என்பது சொல் ஜோடிகள் இல்லை.

'ஃப்ராய்யன்' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் 'மகிழ்' என்று எழுதுவீர்கள். அதோடு 'ஆவுஃப்' சேர்ந்தால் வரப்போவதை ஆவலோடு எதிர்பார்ப்பது, 'ஊபர்' சேர்ந்தால் கிடைத்ததற்காக மகிழ்வது. அட்டையை நூறு தடவை புரட்டினாலும் இந்த வேறுபாடு காதுக்குப் பழகாது, வாக்கியங்களில் பார்த்துப் பார்த்துத்தான் படியும். ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லே மெதுவாக வாசிக்கும் செய்தியை இலவசமாகத் தருகிறது, எழுத்து வடிவமும் கூடவே இருக்கும். பஸ்ஸில் போகும்போது கேளுங்கள். உங்கள் நிலைக்குச் சற்று எளிதான கதைகளை நிறைய வாசியுங்கள். டியூட்டி முடிந்து களைத்து வருகிற பெண்ணிடம் போய் 'உன்னை நீயே சோதித்துக்கொள்' என்றால் ஒரு வாரத்தில் விட்டுவிடுவாள். எனக்கு அந்தக் கவலைதான் பெரிது.

ஒரகடம்_மெக்கானிக்கல்:
வாக்கியங்களில் படியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன் அக்கா, அட்டையிலேயே வாக்கியத்தை எழுதலாமே. 'ஆவுஃப்' வரும் இடத்தைக் காலியாக விடுங்கள், அதை நினைவிலிருந்து நிரப்பட்டும். மேலும், பி1-க்கு கோதே வெளியிட்ட சொல் பட்டியலில் சுமார் 2,400 சொற்கள். கதை வாசிக்கும்போது அதில் ஒரு சொல் இன்று வரும், அடுத்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வருவதற்குள் மறந்துவிடும்.

வேற்றுமை_வாத்தியார்:
பத்தாண்டுகளுக்கு மேல் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு பேருமே சொல்லைப் பற்றியே பேசுகிறீர்கள். பி1-ல் மாணவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் எழுதும்போதும் பேசும்போதும்தான். வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதி, ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வேண்டும். பேச்சுத் தேர்வின் முதல் பகுதியில் எதிரில் இருக்கிற இன்னொரு தேர்வரோடு சேர்ந்து ஒரு நிகழ்ச்சியைத் திட்டமிட வேண்டும். அட்டையும் செய்தியும் உங்களோடு திட்டமிடாது. தப்பாக ஒரு வாக்கியத்தைச் சொன்னால் 'தப்பு' என்றும் சொல்லாது. திருத்த ஆளில்லாமல் மாதக்கணக்கில் படித்தவரிடம் அந்தத் தப்பு நன்றாக ஊறிப்போயிருக்கும், பிறகு மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

இன்னொன்று: ஆங்கிலம் வழியாகவே படிக்காதீர்கள் அம்மா, தமிழோடு ஒப்பிடுங்கள். 'மியர் இஸ்ட் கால்ட்' என்றால் 'எனக்குக் குளிருது'. 'மியர் கெஃபெல்ட்' என்றால் 'எனக்குப் பிடிக்கும்'. 'ஈம் ஹெல்ஃபன்' என்றால் 'அவனுக்கு உதவு'. நம் நான்காம் வேற்றுமை ('கு') ஜெர்மன் 'டாட்டிவ்' வேற்றுமையில் அப்படியே உட்காருகிறது. ஆங்கிலத்தில் யோசிப்பவர் இங்கே இரண்டாம் வேற்றுமை ('ஐ') போட்டுத் தவறுவார். 'வைல்' (ஏனென்றால்) வரும் துணைவாக்கியத்தில் வினை கடைசிக்குப் போவதும் நமக்குப் புதிதல்ல. பெரியவர்களாகப் படிப்பவர்களுக்கு ஒரு மொழியின் இலக்கணம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. குழந்தைக்கு இல்லாத அந்த வசதியைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு மனசுக்கு ஆகாது.

ஒரகடம்_மெக்கானிக்கல்:
சார், அழகான விஷயம், ஆனால் எல்லை இருக்கிறது. தமிழில் 'அவனிடம் கேள்'. ஜெர்மனில் 'ஈன் ஃப்ராகன்', இரண்டாம் வேற்றுமை. முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்கும், தமிழ்க் காது அதைக் கடைசிக்கே இழுக்கும். எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதைச் சோதித்துத்தான் பிரிக்க முடியும்.

வேற்றுமை_வாத்தியார்:
அந்தப் பிரிவினையைக் காட்டத்தான் ஆள் வேண்டும் என்கிறேன் தம்பி. வகுப்பாகவே இருக்க வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை எழுதியதைத் திருத்தித் தர ஒருவர் இருந்தால் போதும்.

நைட்டியூட்டி_நர்ஸ்:
அனைவருக்கும் நன்றி. சார் சொன்ன 'எனக்குக் குளிருது' படித்ததும் நான்காம் வேற்றுமையில் இருந்த பயமே போய்விட்டது. ஓய்வு நாளில் என்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொடுக்க முடியாது. அட்டை, கேட்பது, எழுதித் திருத்துவது மூன்றும் அதில் அடங்காது. எதை விடலாம்?

ஒரகடம்_மெக்கானிக்கல்:
ஓய்வு நாளுக்காகக் காத்திருக்கவே வேண்டாம். மறப்பைப் பற்றி ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-ல் எழுதியதிலேயே இருக்கிறது: ஒரே மூச்சில் படிப்பதைவிடப் பல நாளுக்குப் பிரித்தால் குறைந்த உழைப்பில் நிற்கும். டியூட்டி இடைவேளையில் ஐந்து நிமிடம் அட்டை. ஓய்வு நாளின் ஒரு மணி நேரத்தை எழுதுவதற்கே கொடுங்கள்.

புதுச்சேரி_வாசகி:
எபிங்ஹவுஸ் பொருளில்லாத அசைகளைத் தன் ஒருவர் மீதே சோதித்துப் பார்த்தவர். பொருள் உள்ள கதையை நாம் அவ்வளவு வேகமாக மறப்பதில்லை. பிரித்துப் படிப்பதில் எனக்கு மறுப்பு இல்லை, ஆனால் கேட்பதை விடாதீர்கள் தங்கச்சி. பி1 கேட்டல் தேர்வில் சில பகுதிகள் ஒரே ஒருமுறைதான் ஒலிக்கும். அங்கே ஒரு சொல்லை நினைவிலிருந்து தேடிக்கொண்டிருந்தால் அடுத்த வாக்கியம் போய்விடும். அட்டைக்கு ஐந்து நிமிடம் என்றால் பஸ்ஸில் வருகிற நேரம் முழுவதும் காதுக்கு.

வேற்றுமை_வாத்தியார்:
நான்கு பகுதியையும் ஒரே நாளில் எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை அம்மா, தனித்தனியாக எழுதலாம். முதலில் வாசித்தலும் கேட்டலும் எழுதிவிடுங்கள். எழுதுதல், பேசுதல் இரண்டுக்கும் அதற்குள் திருத்துகிற ஆளைத் தேடுங்கள். உங்கள் மருத்துவமனையிலேயே ஜெர்மன் படிக்கிற இன்னொரு நர்ஸ் இல்லாமலா இருப்பார்? பேச்சுத் தேர்வின் முதல் பகுதிக்கு அவரோடு ஷிஃப்ட் மாற்றுவதையே ஜெர்மனில் பேசித் திட்டமிடுங்கள்.