வண்டி திருட்டுப் புகாரை வாங்க மறுக்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி:
தருமபுரி மாவட்டம். சந்தைக்குப் போன அப்பாவின் எக்செல் வண்டி காணாமல் போய் நாலு நாள் ஆகிறது, ஸ்டேஷனுக்குப் போனால் "நீங்களே தேடிப் பாருங்க, நாளைக்கு வாங்க" என்றே அனுப்புகிறார்கள், அப்பாவோ காக்கியைப் பார்த்தாலே துண்டை இடுப்பில் கட்டிக்கொள்கிற ஆள்.

பதில் 1:
வண்டித் திருட்டுக்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும், 2013-லேயே லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம் (பேப்பர் கட்டு வாங்கி வரச் சொன்னால் வாங்காதீர்கள்!).

பதில் 2:
எல்லாரும் அப்படியில்லைங்க. கிருஷ்ணகிரி ஹைவேயில் நான் விழுந்து கிடந்த ராத்திரி, 108-க்கு போன் போட்டு ஆஸ்பத்திரி வரை வந்தது ஒரு ஏட்டய்யாதான்.

கேட்டவர்:
சரிங்க. நாளைக்கு ஆர்.சி. நகலோடு நானே போகிறேன்.