கண்ணை மூடினால் அண்ணனோடு சண்டை: தியானத்தில் மனம் ஓடிய அனுபவங்கள்

தியானத்தில் உட்கார்ந்ததும் மனம் ஓடிவிடுகிறது என்று நம்மில் பலர் சொல்கிறோம். அவரவருக்கு நடந்ததை எழுதினால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உதவும். முதலில் என்னுடையது, அடுத்து மற்றவர்கள் எழுதுங்கள்.

சென்னை திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது மையத்துக்குப் பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போயிருந்தேன். கட்டணம் கிடையாது, பழைய மாணவர்கள் தரும் நன்கொடையில்தான் நடக்கிறது. காலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள், 4.30க்கு உட்கார வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் தியானம். பேச்சு, போன், புத்தகம் எதுவும் இல்லை. முதல் மூன்று நாளும் ஆனாபானா மட்டும்தான். அதாவது மூக்கு வாசலில் மூச்சு வருவதையும் போவதையும் கவனிப்பது.

நான்கு மூச்சைத் தாண்டவில்லை நான். ஐந்தாவதில் ஊர் வீட்டுத் திண்ணையில் நின்றிருப்பேன். பாகம் பிரித்த அன்று அண்ணன் சொன்ன ஒரு வார்த்தை, அதற்கு நான் சொல்லாமல் விழுங்கிய பதில். நடந்து ஆறு வருஷம் ஆகிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அந்தப் பதிலை இன்னும் கொஞ்சம் தீட்டிக்கொண்டிருப்பேன்.

இரண்டாம் நாள் மதியம் உதவி ஆசிரியரிடம் போய், "ஐயா, எனக்கு இது வராது போலிருக்கிறது" என்றேன்.

"மனம் ஓடிவிட்டது என்று தெரிந்ததும் என்ன செய்கிறீர்கள்?"

"என் மேலேயே கோபம் வருகிறது. இதுகூட முடியவில்லையே என்று."

"அந்தக் கோபமும் ஓட்டம்தான். தெரிந்த உடனே மூச்சுக்கு வந்துவிடுங்கள். ரொம்ப அலைந்தால் கொஞ்ச நேரம் சற்று அழுத்தி மூச்சு விடுங்கள். பிடி கிடைத்ததும் பழையபடி இயல்பான மூச்சு."

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். அண்ணனோடு போடும் சண்டை ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். என்னை நானே திட்டிக்கொள்வது பத்து நிமிஷம் ஓடும்! மூன்றாம் நாள் மாலை அப்படித் திட்டிக்கொள்வதை விட்டேன். இடது நாசியில் மட்டும் மூச்சு சில்லென்று நுழைவதும், வெளியே வரும்போது மேலுதட்டில் இளஞ்சூடாகப் படுவதும் தெரிந்தது. அண்ணன் மறுபடியும் வந்தார். ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

*

தம்பி, உங்களுக்கு அண்ணன் என்றால் எனக்கு இட்லி மாவு. பதினோரு வருஷமாக வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலைப் பயிற்சி செய்கிறேன். அதில் தியானத்தைத் தவம் என்போம். ஆக்கினைத் தவத்தில் புருவ மத்தியில் மனத்தை வைத்தால், அது நேராக அடுப்படிக்குப் போகும்.

மகரிஷி எண்ணம் ஆராய்தல் என்று ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறார். எண்ணம் எழுவதற்கு ஆறு காரணம்: தேவை, பழக்கம், சூழ்நிலை, பிறர் மனத்தூண்டுதல், கருவமைப்பு, தெய்வீகம். நான் இதைப் பல வருஷம் பாடமாகத்தான் வைத்திருந்தேன். போன ஆடியில் ஒரு நாள் தவம் முடிந்த கையோடு, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வந்த எண்ணங்களை எல்லாம் எழுதினேன். பதினான்கு. மாவு, கேஸ், மாமியார் மாத்திரை, எதிர்வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் வைப்பது... ஒவ்வொன்றின் பக்கத்திலும் காரணத்தை எழுதிக்கொண்டே வந்தால், பதினொன்று பழக்கம். உண்மையான தேவை ஒன்றே ஒன்று. டாக்டர் எழுதிக் கொடுத்தும் நான் நான்கு மாதமாகத் தள்ளிப்போட்ட ஸ்கேன். அந்த வாரமே எடுத்துவிட்டேன். அப்புறம் அந்த எண்ணம் தவத்தில் வரவே இல்லை. மாவு இன்னும் வருகிறது, வரட்டும். வந்தால் பழக்கம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் புருவ மத்திக்குத் திரும்பிவிடுகிறேன்.

*

உங்கள் இருவருக்கும் எண்ணம் ஓடுகிறது, எனக்கோ உட்கார்ந்தாலே தூக்கம் வரும். அதனால் மாதம் ஒரு தடவை திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரையும் பேசாமல் நடக்கிறேன். எண்ணம் வந்தால், இது யாருக்கு வந்தது என்று கேட்பது ரமணர் காட்டிய வழி. முதலில் அதைக் கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தேன், பலன் இல்லை. இப்போது பதில் தேடாமல் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு நிறுத்திவிடுவேன். கேள்விக்குப் பின்னால் ஒரு சின்ன இடைவெளி வரும். வெறுங்காலில் தார் ரோட்டின் சூடு மட்டும் தெரியும். நாலைந்து அடிதான், பிறகு அடுத்த எண்ணம் வந்துவிடும். அந்த நாலைந்து அடிக்காகவே போகிறேன்.

*

அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு இன்று காலை நானும் எழுதிப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் ஒன்பது எண்ணம், அதில் ஐந்து அண்ணன். பக்கத்தில் தேவை என்று எழுதப் போய், பேனாவைக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். நிலமும் பிரித்தாயிற்று, பத்திரமும் முடிந்தாயிற்று. பழக்கம் என்றுதான் எழுத முடிந்தது.