அண்டார்டிகா உறைஞ்சதுக்கு கடல்வழி திறந்தது தான் காரணமா?

மணல்வீடு: அண்டார்டிகால 5 கோடி வருஷத்துக்கு முன்னாடி பனை இருந்துச்சுன்னு ஒரு வீடியோல பாத்தேன், அப்பவும் அது தென் துருவத்துல தானே இருந்துச்சு, அப்புறம் எப்படி பனி மூடுச்சு? தென் அமெரிக்கா பிரிஞ்சு போனதால தான்னு சொல்றாங்க, நிஜமா?

கடலோடி: பனை உண்மை தாங்க. 2010ல கிழக்கு அண்டார்டிகா கரைல இருக்கற வில்க்ஸ் லேண்ட் பக்கம் கடலடில துளை போட்டு எடுத்த சேத்துல பனை மகரந்தம் கிடைச்சுது, ஒரு தூசி அளவு தான் இருக்கும், ஆனா குளிர்காலத்துல கூட அந்த கரை உறையலைன்னு அது சொல்லிடுது. அப்புறம் ஆஸ்திரேலியா விலகி டாஸ்மேனியா பக்கம் ஆழமான வழி திறந்துச்சு, தென் அமெரிக்கா பக்கம் டிரேக் பாசேஜ்ங்கற கடல்வழி திறந்துச்சு, அதனால கண்டத்தையே சுத்தி ஓடுற நீரோட்டம் வந்து வடக்கேருந்து வர்ற வெதுவெதுப்பான தண்ணிய தடுத்துடுச்சு. இன்னைக்கு அதுல வினாடிக்கு 10 கோடி கன மீட்டருக்கு மேல தண்ணி ஓடுது!

பாறைப்பித்தன்: அது பாதி கதை தான் நண்பா. பெரிய பனிப்பாளம் வந்தது சுமார் 3.4 கோடி வருஷம் முன்னாடி, ஆனா டிரேக் ஆழமா திறந்த தேதில ஆய்வாளர்களுக்குள்ளயே கோடி வருஷ கணக்குல வித்தியாசம் இருக்கு. 2003ல டிகான்டோ, பொல்லார்டுன்னு ரெண்டு ஆய்வாளர்கள் கம்ப்யூட்டர் மாடல்ல ஓட்டி பாத்தப்போ, காத்துல கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சாலே பனி பிடிச்சுடுச்சு, கடல்வழி திறந்தது கொஞ்சம் சீக்கிரமாக்குச்சு, அவ்ளோ தான். எனக்கு இது தான் சரின்னு படுது.

மணல்வீடு: ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும், அந்த மகரந்தம் மேட்டர் மனசுல நின்னுடுச்சு.