மறு: ‘சஸ்பெக்ட் கம்யூனிட்டி’க்குத் தமிழ்ச் சொல்

அனைவருக்கும் வணக்கம். தனி ஆள் என்ன செய்தார் என்று பாராமல், ஒரு பிரிவைச் சேர்ந்தவர்கள் என்பதற்காகவே சட்டமும் காவல்துறையும் சந்தேகத்தோடு நடத்தும் மக்களைத்தான் ‘சஸ்பெக்ட் கம்யூனிட்டி’ (suspect community) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று குழுவில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘சந்தேகத்திற்குரிய சமூகம்’ போதுமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். மரியாதைக்குரியவர் என்றால் மரியாதை பெறத் தக்கவர். அதே கணக்கில் ‘சந்தேகத்திற்குரிய’ என்றதும் அந்த மக்கள் சந்தேகப்படத் தக்கவர்கள் என்றாகிவிடுகிறது. சமூகவியலாளர் பேடி ஹில்யார்ட் 1993-இல் இந்தக் கருத்தை முன்வைத்தது, பிரிட்டனில் வாழ்ந்த ஐரிஷ் மக்களுக்குச் சட்டம் என்ன செய்தது என்று காட்டத்தான்.

1974 நவம்பர் 21 அன்று பர்மிங்காமில் இரண்டு மதுக்கூடங்களில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். எட்டே நாளில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். 48 மணி நேரம் காவலில் வைக்கலாம். உள்துறை அமைச்சர் ஒப்புதல் தந்தால் மேலும் ஐந்து நாள். நீதிமன்ற விசாரணையே இல்லாமல் ஒருவரை அயர்லாந்துக்குத் திருப்பி அனுப்பவும் அதில் வழி இருந்தது. பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் வழக்கு எதுவும் இல்லாமல் வெளியே வந்தவர்கள். ஆனாலும் அக்கம்பக்கத்திலும் வேலை செய்யும் இடத்திலும் கறை படிந்துவிடும். தகவல் தெரிந்தும் சொல்லாமலிருப்பதே குற்றம் என்று 1976-இல் சேர்த்தபோது, சொந்தக்காரர்களிடம் வாய் திறக்கவே பயந்த காலமாகிவிட்டது. அந்தக் குண்டுவெடிப்புக்காகத் தண்டிக்கப்பட்ட ஆறு பேரின் தீர்ப்பு 1991-இல்தான் ரத்தானது, அவர்கள் 16 ஆண்டு சிறையில் கழித்த பிறகு.

அந்த 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்று இருந்தது. 1979-இல் இலங்கை கொண்டுவந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் பெயரிலும் அதே சொற்கள். மூன்றே ஆண்டில் அது நிரந்தரமானது. யார் மேல் விழுந்தது என்று இந்தக் குழுவில் சொல்ல வேண்டியதில்லை.

> நம்மிடம் ‘குற்றப் பரம்பரை’ இருக்கிறதே?

இதை ஏற்க மனம் வரவில்லை. அது பிரிட்டிஷ் ஆட்சியின் 1871-ஆம் ஆண்டுச் சட்டம் சில சாதிகளுக்கும் பழங்குடிகளுக்கும் வைத்த பெயர், 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பையே குற்றமாக்கிய சொல் அது. அந்த மக்கள் அதைக் ‘கைரேகைச் சட்டம்’ என்றே சொன்னார்கள், அதாவது தங்களுக்கு என்ன செய்தது என்பதைப் பெயராக வைத்தார்கள். அதை எதிர்த்துத்தான் 1920 ஏப்ரலில் மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். ஒடுக்கியவர்களின் சொல்லை ஒடுக்குமுறையை ஆராயும் துறைக்குக் கலைச்சொல்லாக எடுப்பது சரியில்லை.

என் பரிந்துரை: சந்தேகம் சுமத்தப்பட்ட சமூகம்.

பழி சுமத்துதல் என்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கு. சுமத்தியவர் ஒருவர் இருக்கிறார் என்பதும் சொல்லிலேயே வந்துவிடுகிறது. ‘ஐயம்’ வேண்டாம் என்பேன். ஐயம் தீர்த்தல் வகுப்பறை வாடை அடிக்கிறது. செய்தித்தாளில் ‘சந்தேகத்தின் பேரில் கைது’தான் வருகிறது.

‘சந்தேகிக்கப்படும் சமூகம்’ சுருக்கமாக இருக்கிறதே என்று அடுத்து கேட்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரரும் சந்தேகிக்கலாம், அது வேறு. பிரிட்டனின் 2000-ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தில் 7-ஆவது அட்டவணைப்படி, விமான நிலையத்தில் ஒருவரை நிறுத்தி விசாரிக்க அவர் மேல் தனிப்பட்ட சந்தேகமே தேவையில்லை. ஆள் மேல் சந்தேகம் இல்லை, ஆனால் இன்று அவருடைய மதத்தின் மேல், அன்று அவருடைய ஐரிஷ் பேச்சின் மேல் அது ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கிறது. ‘சுமத்தப்பட்ட’ என்பது இதைத் தாங்கும்.

நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். தலைப்புகளில் ‘சந்தேகச் சுமை’ என்று சுருக்கலாமா? ஈழ வழக்கில் ‘சந்தேகநபர்’ நிலைத்திருக்கிறது, அதோடு இது ஒட்டுமா என்று அங்குள்ள நண்பர்கள் சொல்லுங்கள்.