போஸ்டர் பிரசன்டேஷன்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

பெருந்துறை:
வணக்கமுங்க. முதுகலை மாணவர்களுக்கான ஆய்வரங்கக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ஆய்வை ஒரே பெரிய தாளில் அச்சிட்டுப் பலகையில் மாட்டி விளக்குகிறோமே, அந்தப் ‘போஸ்டர்’ வரும் இடமெல்லாம் காலியாகக் கிடக்கிறது. சுவரொட்டியா, பதாகையா?

கோபி:
சுவரொட்டி வேண்டாங்க. ஒட்டுவது ஒட்டி, இகர விகுதி அதைத்தான் சொல்கிறது. ஆய்வரங்கில் யாரும் பசை தடவுவதில்லை, பலகையில் குண்டூசி குத்துகிறோம். போதாததற்குக் கறிக்கடையில் சுவரொட்டி என்றால் ஆட்டு மண்ணீரல். ‘ஆய்வுப் படாம்’ என்று வைக்கலாம். நம் பழனி மலைப் பேகன் மயிலுக்குப் போர்த்திய துணி படாம்தானே. துணியில் எழுதியதால்தான் படத்துக்கே படம் என்று பேர்.

பொள்ளாச்சி:
ஐயா, படாம் வடமொழிக்கு உறவு என்று ஒரு கட்சி உண்டு. அந்த வழக்கை இப்போது எடுத்தால் வெள்ளி தாண்டிவிடும். பிளெக்ஸ் கடையில் போய் ‘படாம்’ என்றால் கடைக்காரர் எதை அடிப்பார்? ‘பதாகை’ என்றால் பேனராக்கும் என்று மூணுக்கு நாலு அடி போடுவார். நம் கோப்பு ஏ0, அதாவது 841க்கு 1189 மி.மீ. மூணுக்கு நாலு என்பது 914க்கு 1219, விகிதமே வேறு. இழுத்துப் பொருத்தினால் வட்டமெல்லாம் முட்டையாகிவிடும். ‘இழுக்காமல் நடுவில் வைத்து அடிங்க, ஓரத்தை வெட்டிருங்க’ என்று கையேட்டில் இருக்கட்டும். சொல் அப்புறம்.

பெருந்துறை:
சேர்த்துவிட்டேன். தலைப்பு 85 பாயிண்ட், உள்ளெழுத்து 24; இதற்குக் கீழே போனால் ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்பவருக்குத் தெரியாது. ஆங்கிலக் கையேடுகள் 800 சொல் வரை விடுகின்றன. நம் சொற்கள் நீளம். 400லேயே மூன்று நெடுக்குப் பத்தியும் நிரம்பி, படத்துக்கு இடமிருக்காது.

தாராபுரம்:
எழுத்துருவை விட்டுவிட்டீர்களே. பவர்பாயிண்ட் கோப்பாகவே கொடுத்தால், கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது வரிகள் இடம் மாறும். பிடிஎஃப் கொடுத்தும் அதைக் கடைக்காரர் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் திறந்தால் ‘கொ’வின் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம். எழுத்துரு பொதித்த பிடிஎஃப், திறக்காமல் நேரே அச்சு. இணையத்தில் எடுத்த சின்னப் படங்களும் வேண்டாம்: 25 செ.மீ. அகலத்துக்கு 1500 பிக்சலாவது இருந்தால்தான் கட்டம் கட்டமாகத் தெரியாது.
சொல்லுக்கு என் ஓட்டு ‘ஆய்வுத் தட்டி’. தேர்தல் தட்டியை அறியாதவர் யார்?

கோபி:
தட்டியா! ஓர் எழுத்து பிசகினால் ஆய்வுத்தட்டு. சோளத்தட்டோடு சேர்த்து மாடு தின்றுவிடும். படாமுக்குக் குலம் கேட்டவர்கள், பதாகை வடமொழிப் ‘பதாகா’ என்பதை மட்டும் பார்க்கவில்லையாக்கும்.

பொள்ளாச்சி:
பதாகை புழங்கி நம் சொல்லாகிவிட்டதுங்க ஐயா.

கோபி:
படாமும் அப்படித்தான் ஆகிவிட்டது.

பெருந்துறை:
தனிமடலிலும் பதாகைக்கே ஆள் அதிகம். தலைப்பிலும் உள்ளேயும் ‘ஆய்வுப் பதாகை’. கடைக்காரருக்குச் சொல்லும் வரியில் மட்டும் ‘ஏ0 போஸ்டர், பேனர் அல்ல’. மெய்ப்பு நாளை வரும்.

கோபி:
மெய்ப்பு பார்த்துத் தருகிறேன். எங்கள் துறையில் படாம் என்றுதான் இருக்கும்.