அரத்துல செஞ்ச கொக்குக் கால் ராத்திரியில தானா உடையுது, உதவி பண்ணுங்க

நாமக்கல்_கொக்கு

எல்லாருக்கும் வணக்கம். அப்பா லாரி மெக்கானிக். போன வருஷம் தவறிட்டார். அவரோட ரெண்டு டூல் பெட்டியும் மாடிப்படிக்கு அடியில துருப்பிடிச்சுக் கிடந்துச்சு. அம்மா எடைக்குப் போடச் சொன்னாங்க, எனக்கு மனசு வரல. அதை வெச்சு ஒரு கொக்கு செய்யலாம்னு இறங்கினேன். வெல்டிங் கத்துக்கிட்டு ஆறு மாசம்தான் ஆகுது. வீட்டுப் பின்னாடி தகரக் கொட்டாய்ல வேலை.

உடம்புக்கு ஸ்பேனர்களை விசிறி மாதிரி அடுக்கி ஒட்டினேன். கழுத்து, வளைச்ச அரை இன்ச் ஜி.ஐ. பைப். அலகுக்கு நோஸ் பிளேயர். கால் ரெண்டும் அப்பாவோட 12 இன்ச் தட்டை அரம். பாதம் 6 எம்.எம். எம்.எஸ். (சாதா மைல்ட் ஸ்டீல்) பிளேட். எல்லாம் நல்லாத்தான் வந்துச்சு, காலைத் தவிர.

வெல்ட் அடிச்சதும் உறுதியா இருக்கு. கையால ஆட்டிப் பார்த்தேன், அசையல. ராத்திரி பத்து மணி இருக்கும், கொட்டாய்ல "டிங்"னு ஒரு சத்தம். பூனைன்னு விட்டுட்டேன். காலைல பார்த்தா கொக்கு குப்புறக் கிடக்கு. மறுபடி ஒட்டினேன், மறுபடி அதே கதை. மூணாவது தடவை கண்ணு முன்னாடியே வலது கால் விட்டுப்போச்சு.

200 ஆம்ப்ஸ் இன்வர்ட்டர் மெஷின், 6013 வெல்டிங் ராடு 3.15 எம்.எம்., 110 ஆம்ப்ஸ்ல வெச்சு அடிச்சேன். எங்க தப்பு?

இன்வர்ட்டர்_ராஜா

பெனட்ரேஷன் பத்தல சிஸ்டர், வெல்ட் உள்ள இறங்கல. 130ல வெச்சு ரெண்டு பாஸ் கொடுங்க. சுத்தி ரொப்பி அடிச்சா ஆனைக் காலா நிக்கும்.

பழைய_ராடு

தம்பி, பொறுங்க. அந்தப் பொண்ணு அரம்னு சொல்லுது.

அம்மா, உடைஞ்ச இடத்தை நல்லா வெளிச்சத்துல பார்த்துட்டு ரெண்டு விஷயம் சொல்லுங்க. பீடு, அதாவது வெல்ட் உருகி உறைஞ்ச வரி, நடுவுல பிளந்திருக்கா, இல்ல பீடுக்கு ஒட்டின மாதிரி அரத்துப் பக்கம் விட்டிருக்கா? அடிச்சு முடிச்சதும் என்ன பண்ணீங்க, அப்படியே ஆற விட்டீங்களா?

நாமக்கல்_கொக்கு

ஐயா, பீடு அப்படியே பாதத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு. அரம்தான் பீடு ஓரமா நறுக்குன மாதிரி போயிருக்கு. உடைஞ்ச முகம் சாம்பல் நிறம், நைஸ் மணல் மாதிரி மினுக்குது. வளைஞ்ச தடயமே இல்ல, பிஸ்கட் மாதிரி.

அடிச்சதும் பக்கெட் தண்ணில முக்கிட்டேன். சூடு தாங்காம, மேல படியற ஸ்லாக் கசடைத் தட்டணும்னு அவசரத்துல.

கொல்லுப்பட்டறை

😀 அக்கா கோவிச்சுக்காதீங்க. அரம் செய்யறவன் கடைசியா என்ன பண்ணுவானோ அதையேதான் நீங்களும் பண்ணியிருக்கீங்க. செவக்கக் காய்ச்சி தண்ணில முக்கறதுக்குப் பேரு தோய்ச்சல். இரும்பை அறுக்கற கடினம் அரத்துக்கு வர்றதே அதுலதான்.

பழைய_ராடு

தண்ணில முக்காம விட்டிருந்தாலும் உடைஞ்சிருக்கும், கொஞ்சம் நேரம் எடுத்திருக்கும், அவ்வளவுதான். ஏன்னு சொல்றேன்.

நீங்க பாதத்துக்குப் போட்ட எம்.எஸ். பிளேட்டுல கார்பன் சுமார் 0.2 சதவீதம். நல்ல ஸ்பேனர்ல குரோம் வெனேடியம் எஃகு, கார்பன் அரை சதவீதத்துக்குக் கிட்ட. அரத்துல 1.2 சதவீதம் வரைக்கும் போகும். பார்க்க எல்லாம் ஒரே கறுப்புதான். ஆனா கார்பன் ஏற ஏற, சூடாக்கி சட்டுனு ஆறவிட்டா கண்ணாடி மாதிரி ஆயிடும். நீங்க ஆற்றவே வேணாம், ஒரு இன்ச் பீடு அடிச்சாப் போதும். பக்கத்துல இருக்கற குளிர்ந்த இரும்பே அந்தச் சூட்டை உறிஞ்சி, ஒரு நொடியில தோய்ச்சல் போட்டுரும். அந்தக் கடினமான கோடு பீடுக்கு ஒட்டியே ஓடும். அதான் ஓரத்துல நறுக்குன மாதிரி விடுது.

ராத்திரி வந்த "டிங்" தனிக் கதை. ராடு பூச்சுல ஈரம் இருக்கும். 6013 பூச்சு செய்யறப்பவே அதுல கொஞ்சம் ஈரம் வெச்சுதான் செய்வாங்க. ஆர்க்குல, அதாவது வெல்டிங் மின்பொறியில, அது ஹைட்ரஜனாப் பிரிஞ்சு உள்ள போயிடும். இரும்பு ஆறினதும் அது அந்தக் கடினக் கோட்டுலதான் போய்ச் சேரும். வெல்ட் ஆறிச் சுருங்கற இழுவிசை ஏற்கெனவே இருக்கு. மணிக்கணக்கா காத்திருந்து விரிசல் விடும். நான் திருச்சியில 31 வருஷம் பாய்லர் வேலை பார்த்தவன். தடிமனான ஜாயின்ட்டை அன்னைக்கே சோதிச்சுப் பாஸ் போட மாட்டாங்க, ரெண்டு நாள் கழிச்சுதான் பார்ப்பாங்க. காரணம் இதுதான்.

ஆம்ப்ஸை ஏத்தறதால இது தீராது, தம்பி சொன்னது எம்.எஸ்.க்குச் சரி.

இன்வர்ட்டர்_ராஜா

ஒத்துக்கறேன் அண்ணே. கேட் கிரில் தவிர வேற பண்ணினதில்ல.

கொல்லுப்பட்டறை

வழி இருக்கு அக்கா. முதல்ல அந்த அரத்தோட பதத்தை, அதாவது கடினத்தை, இறக்குங்க.

எங்க தாத்தா பழைய அரத்துல உளி அடிப்பார். அரத்தை உலையில வெச்சு, செவப்பு ஏறினதும் ஒரு காந்தத்தைக் கிட்ட கொண்டுபோவார். காந்தம் ஒட்டலன்னா சூடு சரி. சுமார் 770 டிகிரிங்கறாங்க, அவருக்கு டிகிரியெல்லாம் தெரியாது. உடனே எடுத்து உமிச்சாம்பலுக்குள்ள புதைச்சிருவார். சாம்பல் காய்ஞ்சிருக்கணும், ஒரு சொட்டு ஈரம் கூடாது. மறுநாள் காலைல எடுத்தாலும் கை பொறுக்கற அளவு வெதுவெதுப்பா இருக்கும். அப்புறம் ஹேக்ஸா பிளேடு வெச்சு இழுத்தா வெண்ணெய் மாதிரின்னு சொல்ல முடியாது, ஆனா அறுபடும். டிரில் பிட்டும் இறங்கும்.

உலை இல்லன்னா செங்கல் நாலு வெச்சு அடுப்புக்கரி போட்டு, ஹேர் டிரையர் காத்து விடுங்க. முழு அரமும் சூடாகணும்னு இல்ல, ஒட்டற முனை நாலு இன்ச் போதும்.

பழைய_ராடு

தம்பி சொன்னது முதல் பாதி. பதம் இறக்கின அரத்தையும் சும்மா வெல்ட் அடிச்சா திரும்பத் தோய்ச்சல் ஏறிடும், கார்பன் எங்கேயும் போகலையே. அதனால:

ஒட்டற இடத்துல எமரி தேய்ச்சு ஒரு ரூபாய் அளவுக்குப் பளபளப்பு வர வைங்க. கேஸ் டார்ச்ல மெதுவா சூடாக்கினா அந்த இடத்துல நிறம் மாறும். முதல்ல வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, அப்புறம் கத்திரிப்பூ, கடைசியா மயில் கழுத்து நீலம். நீலம் வந்தா சுமார் 300 டிகிரி. அந்தச் சூட்டுல வெச்சு வெல்ட் அடிங்க. நடுவுல ஆறினா நிறுத்திட்டு மறுபடி சூடாக்குங்க. பாதம் பிளேட்டையும் சேர்த்துச் சூடாக்கணும், மறந்துடாதீங்க.

ராடு: 6013ஐ இதுக்கு விட்டுடுங்க. 309 இல்லன்னா 312 ஸ்டெயின்லெஸ் ராடு 2.5 எம்.எம்., நாலு அஞ்சு ராடு சில்லறையாவே கொடுப்பாங்க. அந்தப் பீடு மெத்துனு இருக்கும், இழுத்தா கொஞ்சம் நீளும், ஹைட்ரஜனையும் தன்னுள்ள வெச்சுக்கும். 7018 ராடும் சரிதான், ஆனா பாக்கெட் பிரிச்சுக் கிடந்ததுன்னா 300, 350 டிகிரியில ஒரு மணி நேரமாவது சுடணும். வீட்டு கேக் அடுப்பு அந்த அளவுக்குப் போகாது, சாப்பாடு வைக்கற அடுப்புல அதை வைக்கவும் கூடாது.

அடிச்சு முடிச்சதும் ஜாயின்ட்டை லேசா செவக்கற வரைக்கும் திரும்பச் சூடாக்கி, அப்படியே சாம்பல்ல புதைங்க. ராத்திரி பூரா. திறந்து பார்க்கக் கூடாது.

இன்னொரு கேள்வி. ஜி.ஐ. பைப்ன்னு சொன்னீங்க. அதை வெல்ட் பண்ணின அன்னைக்கு உடம்பு எப்படி இருந்துச்சு?

நாமக்கல்_கொக்கு

ஐயா, அது எப்படித் தெரிஞ்சது! அன்னைக்குச் சாயங்காலம் குளிர், உடம்பு வலி, வாய்ல காசு சப்பின மாதிரி ஒரு ருசி. வைரல் ஃபீவர்னு மாத்திரை போட்டேன். அடுத்த நாளே சரியாயிடுச்சு.

பழைய_ராடு

அது வைரல் இல்லம்மா, துத்தநாகப் புகை. ஜி.ஐ.ன்னா மேல துத்தநாகப் பூச்சு. சுட்டா வெள்ளையா பஞ்சு மாதிரி பறக்கும். எங்க காலத்துல பால் குடிச்சா சரியாகும்னு ஒரு தம்ளர் கையில கொடுத்துடுவாங்க. பால் வயித்துக்குப் போகுது, புகை நுரையீரலுக்கில்ல போகுது! இனிமே ஒட்டற இடத்துக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு இன்ச் பூச்சைத் தேய்ச்சு எடுத்துட்டு அடிங்க. தேய்க்கறப்பவும் முகத்துல சாதாரணத் துணி மாஸ்க் போதாது.

அதைவிட மோசம் ஸ்பேனர் மேல இருக்கற பளபள குரோம். அந்தப் புகை புற்றுநோய் வரைக்கும் போகும். குரோமைச் சுத்தமா எடுக்காம அது மேல ஆர்க் வைக்கவே வைக்காதீங்க. கொட்டாய் ரெண்டு பக்கமும் திறந்திருக்கணும். டூலைக் கழுவ மண்ணெண்ணெய் போதும், காய்ஞ்ச பிறகு அடிங்க. பிரேக் கிளீனர் ஸ்பிரே வேணவே வேணாம், குளோரின் கலந்ததுன்னா ஆர்க் வெளிச்சத்துல விஷவாயுவாயிடும்.

களிமண்_கை

சிற்பத்துறை மாணவி. இரும்பு பற்றி இவ்வளவு தெரியாது, ஆனால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எல்லாவற்றையும் வெல்ட் செய்துதான் ஆக வேண்டுமா? 1942இல் பிக்காசோ செய்த காளைத் தலை வெறும் சைக்கிள் சீட்டும் ஹேண்டில்பாரும்தான். இரண்டு பொருள், ஒரு சேர்க்கை. உங்கள் நோஸ் பிளேயர் ஏற்கெனவே அலகு. அதன் மேல் பீடு ஏற்றினால் அலகு போய் வெல்டிங் வேலைதான் தெரியும். முடிந்தால் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். அங்கே இருந்த சிற்பி நந்தகோபால் உலோகத்தை வெல்ட் செய்தே சிற்பம் செய்தவர். ஒட்டிய இடமும் வடிவத்தோடு சேர்ந்தே தெரியும்.

கொல்லுப்பட்டறை

அது சரி. பதம் இறக்கின அரத்துல ஓட்டை போட்டு ரிவெட் அடிச்சாலே நிக்கும். பிளேயரை பைப்புக்குள்ள சொருகி ஒரு போல்ட் போட்டுடலாம். வெல்ட் பண்ணினா நடு ஆணி இறுகிடும், அலகு திறக்காது.

வெல்டிங்தான்னு முடிவு பண்ணினா, பெட்டியில இருக்கற ஒவ்வொண்ணையும் முதல்ல கிரைண்டர்ல ஒரு தொடு தொட்டுப் பொறியைப் பாருங்க. நீளமா, நேரா, மஞ்சக் கோடா ஓடி முனையில லேசாப் பிரிஞ்சா அது எம்.எஸ்.; கம்பி மத்தாப்பு மாதிரி கிட்டயே பூத்துக் கொட்டினா கார்பன் அதிகம், அரம், உளி எல்லாம் அந்த ஜாதி. சின்னதா, மங்கலா, செவப்பா உடனே அணைஞ்சா காஸ்ட், அதாவது வார்ப்பிரும்பு.

நாமக்கல்_கொக்கு

காஸ்ட்னு சொன்னதும் ஒண்ணு கேக்கணும். அப்பாவோட பெஞ்ச் வைஸ் (பொருளை இறுக்கிப் பிடிக்கற இடுக்கி) இருக்கு. அதையே அடிப்பீடமா வெச்சு, அது வாய்ல கொக்கை நிக்க வைக்க ஆசை. வைஸை ஒரு எம்.எஸ். ஸ்டாண்டுல ஒட்டணும்.

பழைய_ராடு

அந்த வைஸ் அனேகமா காஸ்ட். நிக்கல் ராடு, சூடு, பொறுமை மூணும் வேணும், அப்பவும் உத்தரவாதமில்ல. அடியில போல்ட் ஓட்டை இருக்குமே? அதுக்குத்தானே வெச்சிருக்கான். முடுக்கிடுங்க.

நாமக்கல்_கொக்கு

பன்னிரண்டு நாள் கழிச்சு வர்றேன்.

முதல் முயற்சி சொதப்பல். சாம்பல் ஈரம்னு நினைக்கறேன், அரம் மறுநாளும் கல்லு மாதிரியே இருந்துச்சு. ரெண்டாவது தடவை சாம்பலை வாணலியில வறுத்து எடுத்தேன். அம்மா பார்த்த பார்வை இருக்கே! இந்தத் தடவை ஹேக்ஸா இறங்குச்சு.

நீலம் வர்ற வரைக்கும் காத்திருந்து 312 ராடுல அடிச்சேன். திரும்பச் செவக்க வெச்சு சாம்பல்ல புதைச்சேன். அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து போய்க் கொட்டாய்ல கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சத்தமே வரல. இன்னைக்கு ஒன்பதாவது நாள், ரெண்டு காலும் நிக்குது. வைஸுக்கு நாலு போல்ட். அலகு, சொருகி ஒரு போல்ட்.

ஒரு சங்கடம். ஸ்பேனர்ல குரோம் எடுக்கறப்பதான் கவனிச்சேன். ஒவ்வொண்ணுலயும் நடுத்தண்டுல மூணு புள்ளி பஞ்ச் அடிச்சிருக்கு. அப்பாவோட அடையாளம், ஷெட்டுல டூல் மாறிடக்கூடாதுன்னு போட்டது. நாலு ஸ்பேனர்ல ஃபிளாப் வீல் (கிரைண்டர்ல மாட்டற எமரி சக்கரம்) போட்டு அதை அழிச்சுட்டேன். மீதி ஏழுல இருக்கு. அதை எப்படிக் காப்பாத்தறது? கறுப்புப் பெயின்ட் அடிச்சா மூடிடுமே.

பழைய_ராடு

பெயின்ட் வேணாம்மா. குரோம் போன இடம் துருப்பிடிக்கட்டும், விடுங்க. கடுக்காய்த் தூளை ராத்திரி ஊறவெச்சு வடிகட்டி, அந்தத் தண்ணியை பிரஷ்ல துரு மேல தடவுங்க. கடுக்காயில இருக்கற டேனின் துருவோட சேர்ந்து நீலக் கறுப்பாயிடும், பழைய மை செஞ்ச முறைதான். ரெண்டு தடவை தடவிக் காயவெச்சு, மேல மெழுகைத் துணியில தேய்ங்க. குழியில கறுப்பு தங்கும், மேட்டுல துணி பட்டு இரும்பு தெரியும். அந்த மூணு புள்ளி இப்ப இருக்கறதைவிடத் தெளிவாத் தெரியும். வெளியில வைக்காதீங்க, மழைக்கு நிக்காது.

மூணு புள்ளி இருக்கற ஏழும் வெளிப்பக்கம் வர்ற மாதிரி அடுக்கியிருக்கீங்களா?

நாமக்கல்_கொக்கு

அஞ்சு வெளிப்பக்கம் இருக்கு ஐயா. ரெண்டு உள்ள மாட்டிக்கிச்சு. இருக்கட்டும்.

கொல்லுப்பட்டறை

பிளேயர் திறக்குதா அக்கா? ஆணியில ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க.

நாமக்கல்_கொக்கு

திறக்குது. பக்கத்து வீட்டுப் பையன் அதுல ஒரு பிளாஸ்டிக் மீனை மாட்டிட்டுப் போயிட்டான். எடுக்க வேணாம்னு அம்மா சொல்லிட்டாங்க.