புதுப்பிப்பு: பல் கூச்சம், ஆறு வாரம் கழித்து

மோர் குடித்தாலே கீழ்க் கடைவாய்ப் பல் சுரீரென்று இழுக்கிறது, கூச்சத்துக்கான பற்பசை உண்மையிலேயே வேலை செய்யுமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் பல் மருத்துவரிடம் காட்டினேன். சொத்தை இல்லை, விரிசலும் இல்லை. ஈறு இறங்கி வேர்ப்பக்கம் வெளியே தெரிகிறதாம். அங்கே எனாமல், அதாவது பல்லின் கெட்டியான மேலுறை, கிடையாது. அடியிலுள்ள டென்டின் என்கிற உள்ளடுக்கில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஏராளம். குளிர்ச்சி பட்டதும் அவற்றுக்குள் இருக்கும் திரவம் அசைந்து நரம்பைச் சீண்டுகிறது.

நான் வாங்கிய பற்பசையில் 5 சதவீதம் பொட்டாசியம் நைட்ரேட். வேறொன்றுமில்லை, நம்ம வெடியுப்புதான்! வாயில் பட்டாசுக் கடையா என்று வீட்டில் கேலி. அது குழாயை அடைப்பதில்லை, நரம்பை மந்தமாக்குகிறது. பலன் தெரிய சில வாரம் ஆகும். பத்தாம் நாளே 'காசு தண்டம்' என்று நான் எழுதியது அவசரப் புத்தி. நாலாவது வாரத்தில் கூச்சம் பாதிக்கு மேல் குறைந்தது. ஸ்டானஸ் ஃபுளோரைடு பற்பசை வேறு வகை, அது குழாயின் வாயையே மூடிவிடும்.

ஒரு பல் மட்டும் அடங்கவில்லை. அதைத் துடைத்துக் காயவைத்து, சின்னத் தூரிகையால் ஃபுளோரைடு வார்னிஷ் பூசினார் மருத்துவர். மஞ்சளாக, வேப்பம்பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டது. அன்று ராத்திரி பல் தேய்க்கக் கூடாது, சூடாக எதுவும் கூடாது. ஆறின இட்லியோடு படுத்தேன். இது நிரந்தரமில்லை, சில மாதத்தில் மறுபடி பூச வேண்டியிருக்கும்.

அப்புறம், அழுத்தித் தேய்ப்பதை விட்டுவிட்டேன். நேற்று மோர் குடித்தேன், குளிர்ந்த மோர்தான்.